வெயில் ஓட்டம்

சட்டத்தரணி றைஸா அவர்களுக்கு,

நற்சான்றிதழ் எழுதுவது எனக்குப் பத்து நிமிட வேலை. பத்தொன்பது வருடங்களாக இந்தத் தொழில்நுட்பக் கல்லூரியில் உடற்கல்விப் போதனாசிரியராக இருக்கிறேன். ஓட்டக்காரர்களைப் பழக்குவதும் நான்தான். வங்கி வேலைக்கு, கட்டார் போவதற்கு, ஒரு தடவை கலியாணப் பேச்சுக்குக்கூடச் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெயர், பிறந்த திகதி, ஓடிய போட்டிகள், நன்னடத்தை உடையவர் என்று ஒரு வரி, கீழே முத்திரை. சாள்ஸின் வழக்குக்காக நீங்கள் கேட்டதும் அப்படி ஒரு பக்கம்தான். ஆனால் மூன்று நாட்களாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

போனை வைக்குமுன் நீங்கள் கேட்ட ஒரு கேள்விதான் காரணம். "சேர், மௌத்தான ஹில்மிட போன் கடைசியா யார்ட்ட இருந்தது?" என்று, இறந்துபோன என் மாணவனைப் பற்றிச் சும்மா கேட்பதுபோல் கேட்டீர்கள். தெரியாது என்றேன். "சரி சேர்" என்று வைத்துவிட்டீர்கள். நீங்கள் மறுபடி கேட்காததிலிருந்தே பதில் உங்கள் கையில் இருக்கிறது என்று விளங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து வாசலில் மோட்டார்சைக்கிள் நின்றால்கூட ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிறேன். ஆகவே நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். வாசித்து முடித்தால், நான் பிள்ளைகளுக்காகத்தான் வாழ்ந்தேன் என்பது உங்களுக்கே விளங்கும்.

முதலில் பாயிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். போர் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பாயிஸ் எண்ணூறு மீற்றர் ஓடுபவன், வண்ணாத்திவில்லுப் பக்கத்துப் பையன். அவனுடைய பையில் ஒரு சிறு பொட்டலம் கஞ்சா அகப்பட்டது. அப்போதிருந்த அதிபர் நல்ல மனிதர்; மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு பாடமாக இருக்கட்டும் என்று பொலிஸுக்கு அறிவித்தார். ஜீப் வந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். பிணை எடுக்க ஆளில்லாமல் பாயிஸ் நான்கு மாதம் விளக்கமறியலில் கிடந்தான். கஞ்சாவோடு போனவன் ஹெரோயின் பழகிக்கொண்டு வந்தான். இப்போது புத்தளம் பஸ் நிலையத்துக்குப் போனால் அவனைப் பார்க்கலாம். போன மாதம் என்னிடமும் கை நீட்டினான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கும் முகத்தை வைத்துத் தெரியவில்லை, கால்களை வைத்துத்தான் தெரிந்தது.

எனக்கும் துவக்கு வைத்திருப்பவர்களுக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். பதினான்கு வயதில், தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரில் எங்கள் வாசலில் ஆயுதத்தோடு நின்றவர்கள் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். வாப்பா வீட்டுச் சாவியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். யாருடைய சீருடையாக இருந்தாலும் சரி, வாசலுக்கு வரும் அளவுக்கு ஒரு விஷயத்தை விடக்கூடாது என்பதை நான் அன்றைக்குப் படித்தேன்.

அதனால் பாயிஸுக்குப் பிறகு ஒரு முறையை உண்டாக்கினேன். அதிபர்கள் மாறினார்கள், முறை மாறவில்லை. போதைப்பொருளோடு ஒரு பிள்ளை அகப்பட்டால் விளையாட்டுப் பொருட்கள் வைக்கும் அறைக்குத் தனியாகக் கூப்பிடுவேன். கதவைச் சாத்திக் கதிரையில் இருத்துவேன். சத்தம் போட மாட்டேன். பொருளை என்னிடம் தர வேண்டும். கைபேசி மூன்று வாரத்துக்கு என்னிடம் இருக்கும். எதை எடுத்தேன், யாரிடம் வாங்கினேன் என்று சொந்தக் கையெழுத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும். கடைசியாக ஓட்டம். கல்லூரிக்குப் பின்னால் உப்பளம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். பாத்திகளைச் சுற்றியுள்ள வரம்பில் பிற்பகல் இரண்டு மணி வெயிலில் பத்துச் சுற்று. அங்கே நிழல் கிடையாது. கீழே உப்பு வெள்ளையாகக் கண்ணைக் கூசும். வெயில் ஓட்டம் என்று பிள்ளைகளே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

முறை பலன் தந்தது. பதினேழு பேர் அந்த அறைக்குள் வந்து போனார்கள். ஒருவர் பெயரும் வெளியே போகவில்லை. அவர்களில் ஒருவன் இன்றைக்குப் பொலிஸ் கான்ஸ்டபிள்.

பறித்த கஞ்சாவை நான் எரித்துவிடுவேன், அது மணக்கும். பிறகு வந்த ஐஸ் என்ற போதைத்தூள் மணப்பதில்லை. குளிர்பானம் உறிஞ்சும் குழாயைத் துண்டாக வெட்டி, உள்ளே தூளைப் போட்டு, இரண்டு பக்கமும் நெருப்பில் ஒட்டியிருப்பார்கள். அவற்றை ஒரு குளுக்கோஸ் டின்னில் போட்டு, கடிதங்களோடு இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்தேன். ஏன் எறியவில்லை என்று கேட்பீர்கள். கடிதம் மட்டும் இருந்தால், சேர் வெருட்டி எழுதவைத்தார் என்று ஒரு பிள்ளை பிறகு சொல்லலாம். பொருளும் இருந்தால் சொல்ல முடியாது. பிள்ளை திருந்துவதற்குக் கொஞ்சம் பயம் வேண்டும். அவ்வளவுதான்.

சாள்ஸ் உங்களுக்குத் தெரிந்தவன். மாம்புரிப் பையன், மீன்பிடிக் குடும்பம், ஒரு வயது முதல் தகப்பன் இல்லை, தாய் அனஸ்தாசியா வாடியில் கருவாடு காயவைப்பவர். முதலாம் வருடத்தில் ஒரு தடவை கஞ்சாவோடு அகப்பட்டான். கடிதம் எழுதினான், ஓடினான், அதோடு விட்டான். ஹில்மி அவனுடைய அறைத்தோழன். கற்பிட்டிப் பையன், இருபது வயது, நானூறு மீற்றர். வாப்பா மௌத்து, உம்மா சித்தி லெய்லா தையல் தைத்து வளர்த்தவர். பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு ஓட்டக்காரன் எனக்குக் கிடைத்ததில்லை. கடைசி நூறு மீற்றரில் மற்றவர்கள் இறுகிப்போவார்கள். அவன் தோள் இளகும்.

போன வருடம் மார்ச் மாதம். நாடு முழுவதும் போதைப்பொருள் வேட்டை நடந்துகொண்டிருந்தது. பொலிஸார் நாயோடு பஸ்களில் ஏறிப் பார்த்தார்கள். பிள்ளைகள் எல்லோரும் பயந்துபோயிருந்தார்கள், நானும்தான். ஒரு வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்குச் சாள்ஸ் என் மேசைக்கு வந்து நின்றான்.

"சேர், ஹில்மி ஐஸ் எடுக்கிறான்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசம் இரிக்கும். நித்திரையும் இல்ல, சாப்பாடும் இல்ல. நான் சொல்லிப் பாத்திட்டன், கேக்கிறானில்ல. சேர், பொலிஸுக்கு மட்டும் போக வேணாம். நீங்களே பாத்துக்கொள்ளுங்க. அவன் என்னோட கதைக்காட்டியும் பரவாயில்ல."

"நீ சரியான இடத்துக்குத்தான் வந்திரிக்கிறாய்" என்றேன்.

ஹில்மியைக் கூப்பிட்டேன். பல்லை நெரித்துக்கொண்டே இருந்தான். இரண்டு குழாய்த் துண்டுகளை மேசையில் வைத்தான். ஒன்று திறந்து வெறுமையாகக் கிடந்தது.

"இது எப்ப?"

"இப்பதான் சேர். சாப்பாட்டு பெல் அடிக்க முந்தி."

அதை நான் தெளிவாகக் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கடிதம் எழுதினான். வரிகள் கோணி மேல்நோக்கிப் போயின. கைபேசியைத் தரும்போது மட்டும் தயங்கினான். "அஸருக்குப் பொறகு உம்மா எடுப்பா சேர். நான் பேசாட்டிப் பயந்துடுவா." நான் சொல்லிக்கொள்கிறேன் என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டேன்.

இரண்டு மணிக்கு வரம்பில் இறக்கினேன். சாள்ஸ் யாரும் சொல்லாமலே அவன் கூட ஓடினான். முதல் மூன்று சுற்று ஹில்மி மிக வேகமாக ஓடினான், அது அந்தத் தூளின் வேகம். நான்காவது சுற்றில் என் முன்னால் நின்றான்.

"ஏலாது சேர். நெஞ்சு அடிக்கிது. தலைக்குள்ள சத்தம் கேக்குது."

"எல்லாரும் இப்பிடித்தான் சொன்னாங்க. ஓடு."

எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள், அது உண்மை. ஐந்தாவது சுற்றில் சாள்ஸ் கேட்டான், "தண்ணி குடுக்கவா சேர்?" முடிந்த பிறகு என்றேன். ஆறாவது சுற்றில் ஹில்மி விழவில்லை; வரம்பில் மெதுவாக உட்கார்ந்தான், யாரோ உட்காரச் சொன்னதுபோல. நான் கிட்டப் போனபோது அவன் உடம்பில் வேர்வை நின்றிருந்தது. நெற்றியைத் தொட்டேன். வெயிலில் விட்ட மோட்டார்சைக்கிளின் ஆசனத்தைத் தொட்டதுபோல் இருந்தது. உம்மா என்றான், பிறகு புரியாத பேச்சு.

ஆட்டோவில் சாள்ஸ் அவனை மடியில் வைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம். கடமையில் இருந்தது ஓர் இளம் பெண் டொக்டர், மட்டக்களப்புப் பிள்ளை.

"என்ன நடந்தது?"

"பயிற்சியில விழுந்துட்டான். வெயில்."

"ஏதும் பாவிச்சவரா? குளிசை, ஐஸ், அப்படி ஏதும்?"

"இல்ல டொக்டர். இவன் எங்கட நல்ல பிள்ளை."

அவர் ஹில்மியின் இமையைத் தூக்கிப் பார்த்தார். ஊசி போட்டார்கள், ஈரத்துணி வைத்தார்கள். மறுபடி என்னிடம் வந்தார். "சேர், வடிவா யோசிச்சுச் சொல்லுங்க. இது வெறும் வெயில் மாதிரி இல்ல. தெரிஞ்சால் நான் வேற மாதிரிப் பார்ப்பன்." இல்லை என்றேன். அப்போது என் சட்டைப்பையில் ஹில்மியின் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே யார் என்று எனக்குத் தெரியும். அஸர் தொழுகை முடிந்திருந்தது.

மூன்றாவது தடவை டொக்டர் என்னிடம் கேட்கவில்லை. சாள்ஸிடம் போனார். "தம்பி, நீங்க கூட்டாளிதானே. எனக்குச் சொல்லுங்க. நான் பொலிஸ் இல்ல."

சாள்ஸ் வாயைத் திறந்தான். என் கை அவன் பிடரியில் இருந்தது. ஆறுதலுக்காக வைத்த கை. விரல்களைக் கொஞ்சம் இறுக்கினேன். "இவனுக்கு ஒண்டும் தெரியா டொக்டர். இவன் பிந்தி வந்தவன்" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான்.

"ஓம்" என்றான். "நான் பிந்தித்தான் வந்தனான்."

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். சொன்னால் டொக்டர் எழுதுவார். எழுதினால் பொலிஸ் வரும். வந்தால் அலுமாரியைத் திறக்கச் சொல்வார்கள். உள்ளே பதினெட்டுப் பிள்ளைகளின் வாழ்க்கை இருக்கிறது. அதைத்தான் நினைத்தேன். அலுமாரிக்குள் என் வாழ்க்கையும் இருந்தது என்பதை இப்போது மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அது முதலாவதாக நினைவுக்கு வரவில்லை, இரண்டாவதாகத்தான் வந்தது.

மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று டொக்டர்கள் அந்த வழியில் தேடினார்கள். மாலை மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது ஹில்மி மௌத்தானான்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். ஐஸ் எடுத்த உடம்பு சூட்டை வெளியேற்றாது, அந்த உடம்போடு வெயிலில் ஓடினால் மூளை வெந்துபோகும் என்பது முதலாம் வருட விளையாட்டு மருத்துவப் பாடத்தில் இருக்கிறது. அதைப் படிப்பிப்பது நான். குறிப்பை எழுதியதும் நான்.

சித்தி லெய்லா கற்பிட்டியிலிருந்து வந்து சேர்ந்தபோது வார்டு வாசலில் நான்தான் நின்றேன். அவரை நான் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன், என் மூத்த சகோதரியின் வயது. அழவில்லை. "அஸருக்கு எடுத்தன் சேர், புள்ள பேசல்ல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். டொக்டர் பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் தாத்தாவைத் தனியாகக் கூப்பிட்டேன். "புள்ளட உடம்ப வெட்ட விட வேணாம் தாத்தா. வெயில்தான் காரணம், நான் கண்ணால பாத்தன். நாளைக்கு ஜும்ஆ தொழுகைக்கு முந்தி அடக்கிடுவம்" என்றேன். திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் அவர் அழுதபடி அதையே கேட்டார். நான் சாட்சி சொன்னேன். பயிற்சியின்போது ஏற்பட்ட வெப்பத் தாக்கம் என்று எழுதப்பட்டது. ஜனாஸாவைத் தோளில் சுமந்தவர்களில் முன்வரிசையில் நான் இருந்தேன். கைபேசி ஆஸ்பத்திரியில் தொலைந்துவிட்டது என்று தாத்தாவிடம் சொன்னேன்.

தொலைந்த போனை எடுத்தவர் யாராவது பேசுவார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பல நாட்களுக்கு அஸருக்குப் பிறகு அது என் மேசை லாச்சிக்குள் அதிர்ந்தது. நான் அதை அணைத்துவிட்டிருக்கலாம். சார்ஜ் குறையும்போதெல்லாம் சார்ஜ் போட்டேன். ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

சாள்ஸ் மைதானத்துக்கு வருவதை விட்டான். முப்பத்தைந்தாம் நாள் என் அறைக்கு வந்தான். மெலிந்திருந்தான்.

"சேர், வார புதன் ஹில்மிட நாப்பதாம் நாள் கத்தம் ஓதுறாங்க. உம்மா என்னையும் வரச் சொன்ன. போனா நான் சொல்லிருவன்."

"என்னத்த?"

"டொக்டர் கேட்டத. நாங்க சொன்ன பொய்ய."

"சொன்னா அவன் திரும்பி வருவானா?"

"வர மாட்டான். ஆனா உம்மா எனக்குச் சோறு போடுவா சேர். அந்தச் சோத்த என்னால தின்ன ஏலாது."

அலுமாரியைத் திறந்து அவனுடைய பழைய கடிதத்தை மேசையில் வைத்தேன். அதுவரை அந்தக் கடிதங்களில் எதையும் நான் யாருக்கும் காட்டியதில்லை. காட்ட வேண்டிய தேவையே வந்ததில்லை. சாள்ஸ் அதை எடுத்து முழுவதையும் வாசித்தான். பிறகு மடித்து என் பக்கம் தள்ளினான்.

"பொலிஸுக்குக் குடுங்க சேர். நான் செஞ்சதுக்கு நான் போறன். பயம் இல்ல."

அம்மணி, அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. மன்னாரில் வாசலில் நின்றவர்களைப் பார்த்தபோதுகூட அப்படி வரவில்லை. என் எதிரில் இருந்த பிள்ளையிடம் பயம் இல்லை. அவனைப் பிடித்து வைத்திருக்க எனக்கு வேறு எதுவும் தெரியாது.

அவகாசம் கேட்டேன். கத்தத்தன்று நானே அவனோடு வந்து தாத்தாவிடம் சொல்வதாகச் சத்தியம் செய்தேன். அவனுக்கு முகம் தெளிந்தது. "சேர் வந்தா எனக்கும் லேசு" என்றான். என் கையைப் பிடித்தான்.

இனிமேல் எழுதுவதைத்தான் மூன்று நாட்களாக எழுதிக் கிழித்தேன்.

திங்கட்கிழமை குளுக்கோஸ் டின்னில் இருந்ததையெல்லாம் ஒரு பொலித்தீன் பையில் கொட்டினேன். நிறுக்கவில்லை என்று முதலில் எழுதியிருந்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். நிறுத்தேன். இரசாயன ஆய்வுகூடத்தின் தராசு மிகச் சரியானது. ஏழு கிராமும் கொஞ்சமும். ஐந்து கிராமைத் தாண்டினால் ஆயுள் தண்டனை, மரண தண்டனை வரைக்கும் போகும் என்பதைப் பத்திரிகையில் வாசித்திருந்தேன். தராசைப் பார்த்தபோது அது நினைவில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாள்ஸ் உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போகத் தயாரானான். நாற்பது நாளைக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் சிரித்தான். பையை என் அறையில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனான். அவனுடைய ஓட்டச் சப்பாத்துக்குள், அடித்தோலுக்குக் கீழே வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவன் வந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "நாளைக்குப் பகல் லுஹருக்கு முந்தி கற்பிட்டியில நிப்பன் சேர்" என்று போனான்.

என் கைபேசியில் என் பெயர் இருக்கிறது. கல்லூரித் தொலைபேசியில் கல்லூரியின் பெயர் இருக்கிறது. லாச்சியில் இருந்தது யாருடையதும் இல்லை. அதில் பொலிஸின் ஒன்று ஒன்று ஒன்பதை அழைத்தேன். மூன்று மணி கற்பிட்டி பஸ், நீலச் சட்டை, சிவப்புப் பை, சப்பாத்துக்குள் பாருங்கள் என்று சிங்களத்தில் சொன்னேன். பிறகு அதைக் களப்புத் தண்ணீரில் எறிந்தேன். பாயிஸுக்குப் பிறகு வந்த பதின்மூன்று வருடத்தில் நான் பொலிஸைக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

பாலாவியில் பஸ்ஸை மறித்துச் சாள்ஸைப் பொருளோடு பிடித்தார்கள். நான் புதன்கிழமை தனியாகக் கத்தத்துக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. சித்தி லெய்லா கேட்டார், "அந்தப் புள்ளதானா சேர் என்ட மவனுக்கு அதக் குடுத்த? வெயில் இல்லயா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். இல்லை என்று சொல்லவில்லை. "அப்பிடித்தான் போல தாத்தா" என்றேன். அவர் உள்ளே போய் எனக்குச் சோறு கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டேன்.

சாள்ஸின் தாய் அனஸ்தாசியா அக்கா பதினான்கு மாதமாக என்னிடம்தான் வருகிறார். உங்கள் விலாசத்தை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். நல்ல சட்டத்தரணி வேண்டும் என்று மனதார விரும்பினேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை அவரோடு சிறைச்சாலைக்குப் போகிறேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சாள்ஸ் நிற்பான். பொருள் யாருடையது என்று அவன் உங்களிடம் சொல்ல மறுப்பதாகக் குறைப்பட்டீர்கள். என்னிடம் சொன்னான். தாய் மற்றப் பக்கம் பார்த்த நேரத்தில், குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"ஹில்மிதான் ஒளிச்சு வெச்சிரிப்பான் சேர். எங்கட சப்பாத்து ஒரே அளவு. பாவம், அவன் மேல போட ஏலாது. அவன்ட உம்மா தாங்க மாட்டா. டொக்டர்ட விஷயமும் நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. சேர்ட பேரு எங்கயும் வராது. பயப்பட வேணாம்."

அவன் என்னைப் பயப்பட வேண்டாம் என்றான்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: ஹில்மியின் கைபேசி என்னிடம் இருந்தது. அழைத்தது நான். சப்பாத்துக்குள் வைத்தது நான். ஐஸ் எடுத்த பிள்ளையை, எடுத்தான் என்று தெரிந்துகொண்டே, வெயிலில் ஓடவைத்ததும், காப்பாற்றக் கேட்ட டொக்டரிடம் மூன்று தடவை பொய் சொன்னதும் நான். ஹில்மியின் கடிதத்தை இதோடு இணைத்திருக்கிறேன். அவன் அன்றைக்கு எதை எடுத்தான் என்பதற்கு அவன் கையெழுத்தே சாட்சி. சாள்ஸ் ஒரு தடவைகூட ஐஸைத் தொட்டதில்லை. இதை நீங்கள் எந்த நீதிமன்றத்திலும் கொடுக்கலாம். கல்லூரியின் பெயரை மட்டும், முடியுமானால், வெளியே விடாமல் பாருங்கள். படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு என்னைப் பற்றி நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். ஆனால் ஒன்றைக் கணக்கில் எடுங்கள். சாள்ஸைப் பிடித்த நாளிலிருந்து இந்தக் கல்லூரியில் ஒரு குழாய்த் துண்டுகூட அகப்படவில்லை. ஒரு பீடிகூட இல்லை. பின்னேரம் நான் மைதானத்துக்கு இறங்கினால் கதைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் கதையை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார்கள். போன கிழமை நிஃப்லா என்ற பிள்ளை, நூறு மீற்றர் ஓடுபவள், காய்ச்சலோடு மரத்தடியில் இருந்தாள். நான் வருவதைக் கண்டதும் வாயில் போட்டதைத் துப்பி, கையில் ஏந்திக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சேர், பனடோல் மட்டும்தான் சேர். வேற ஒண்டும் இல்ல. பாருங்க சேர்."

குடிக்கச் சொன்னேன். தண்ணீர்ப் போத்தலையும் நானே எடுத்துக் கொடுத்தேன். நான் அந்த இடத்தை விட்டுப் போகும்வரை அவள் குடிக்கவில்லை. அங்கே நின்ற இருபது பேரும் அசையவில்லை. அதைப் பயம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். பத்தொன்பது வருடம் பாடுபட்டு நான் தேடிக்கொண்ட மரியாதை அது.

இப்படிக்கு,
மு. நளீர்